மிலான் நகர் மேய்ப்பர் புனித சார்லஸ் பொரோமியோ

ஜூபிலி கொண்டாடும் நமது ஆலயத்தில் ஞாயிறுதோறும் சிறுவர்கள் ஞானோபதேசம் படிக்கிறார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவுக்கும் நமக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டில் நம் பெயர்கள் இருக்கின்றன. இவையெல்லாம் நிலைபெற உழைத்தவர்களுள் முதன்மையான ஒருவரை இவ்வேளையில் நினைவுகூர்வது நம் கடமை.

சார்லஸ் 1538-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் நாள் வட இத்தாலியில் அரோனா கோட்டையில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். மார்ட்டின் லூத்தர் 1517-ல் எழுப்பிய குரலால் ஐரோப்பா இரண்டாகப் பிளந்திருந்த காலம் அது. பன்னிரண்டு வயதிலேயே ஒரு மடத்தின் வருமானம் சார்லசுக்கு உரிமையாயிற்று. 1559-ல் அவருடைய தாய்மாமன் நான்காம் பத்திநாதர் என்னும் பெயரில் பாப்பரசரானதும், மறு ஆண்டிலேயே 21 வயதான மருமகனைக் கர்தினாலாக்கினார். சீர்திருத்தக்காரர் எந்தக் குறையைச் சுட்டிக்காட்டினார்களோ அந்தக் குறையின் வழியாகவே நம் புனிதர் பதவிக்கு வந்தார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1562-ல் அண்ணன் பெதரிக்கோ இறந்தார். குருத்துவ வழியை விட்டு மணம் முடித்துக் குலத்தைக் காக்கும்படி உறவினர் வற்புறுத்தினர். சார்லசோ 1563-ல் குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டில் திரெந்து பொதுச்சங்கம் நிறைவேற உரோமையிலிருந்து பெரிதும் உதவினார். 1566-ல் வெளிவந்த பங்குக் குருக்களுக்கான ஞானோபதேச நூலிலும் அவர் பங்கு பெரிது.

ஏறத்தாழ 80 ஆண்டுகளாகப் பேராயர் எவரும் தங்கியிராத மிலான் மறைமாவட்டத்துக்கு 1565-ல் அவர் வந்து சேர்ந்தார். குருக்களுக்குப் போதிய கல்வி இல்லை. மக்களுக்கு விசுவாசம் தெரியவில்லை. குருமடங்கள் அமைத்தார். மலைக் கிராமங்களுக்கும் நேரில் சென்று பங்குகளைச் சந்தித்தார். ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் ஒழுங்காக எழுதப்படுகின்றனவா என்று பார்த்தார். முன்பே தொடங்கியிருந்த ஞாயிறு பள்ளிகளை நூற்றுக்கணக்கில் பெருக்கினார். ஏழைப் பிள்ளைகள் பலர் அங்கேதான் எழுத்தறிவும் பெற்றனர்.

சீர்திருத்தம் எல்லாருக்கும் இனிக்கவில்லை. 1569-ல் அவர் மாலைச் செபத்தில் முழந்தாளிட்டிருந்தபோது, அவரது கண்டிப்பை வெறுத்த ஒரு துறவற சபையைச் சேர்ந்தவன் துப்பாக்கியால் சுட்டான். பெருங்காயமின்றித் தப்பிய பேராயர், குற்றவாளிகளுக்காக மன்னிப்பு வேண்டினார். ஆயினும் அவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

1576-ல் மிலானில் கொள்ளைநோய் பரவிற்று. ஆளுநரும் செல்வரும் நகரைவிட்டு அகன்றனர். பேராயர் அகலவில்லை. நோயாளிகளிடம் தாமே சென்றார். அரண்மனைத் திரைச்சீலைகளை ஏழைகளின் ஆடையாக்கினார். வீட்டைவிட்டு வெளிவர இயலாதோர் சன்னலிலிருந்தே திருப்பலி காணும்படி தெருச்சந்திகளில் பீடங்கள் எழுப்பச் செய்தார்.

ஆயினும் அக்காலத்து இருள் அவரையும் விட்டுவைக்கவில்லை. 1583-ல் சுவிஸ் நாட்டின் மெசொல்சினா பள்ளத்தாக்கில் பிரிவினைக் கொள்கையையும் சூனியத்தையும் ஒழிக்க அவர் மேற்கொண்ட பயணத்தின்போது, சூனியக்காரர் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட சிலர் தீக்கிரையாயினர். அந்நாளில் இரு தரப்பாரும் இத்தகைய கொடுமையைச் செய்தனர் என்பது விளக்கமாகுமே தவிர நியாயமாகாது. புனிதரை வணங்கும் நாம் இதற்காக வருந்தவும் வேண்டும்.

1584 நவம்பர் 3-ம் நாள், 46-ம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். 1610-ல் புனிதர் பட்டம் பெற்றார். நவம்பர் 4 அவரது திருநாள்.

பிரிந்துபோனவர்களைத் தூற்றிக்கொண்டு மட்டும் அவர் காலம் கழித்திருந்தால் இன்று நாம் அவரை நினையோம். தம் வீட்டைத் தாமே பெருக்கத் தொடங்கியதே அவர் பெருமை. இன்று நாம் பிரிந்த சகோதரரோடு அன்பில் நெருங்கி வாழ அழைக்கப்பட்டிருக்கிறோம். ஜூபிலி ஆண்டில் ஆலயச் சுவருக்கு வெள்ளையடித்த நாம், உள்ளத்தையும் பெருக்கிச் சுத்தம் செய்வோமாக. புனித சார்லஸ் பொரோமியோவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.