ஜவுளிக்கடைக்காரர் பார்த்த பல் ஊத்தை

காலையில் பல் துலக்கும் முன் நாக்கால் பற்களைத் தடவிப் பாருங்கள். மாவு பூசியது போல ஒரு வழவழப்பு தெரியும். அதுதான் பல் ஊத்தை. அதற்குள் என்ன இருக்கிறது என்று முதன்முதலில் பார்த்துச் சொன்னவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர் என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் ஆன்டன் வான் லூவன்ஹாக். ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் 1632ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை கூடை முடைபவர். அவரும் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். லூவன்ஹாக் கல்லூரிக்குப் போனதில்லை. அக்கால அறிஞர்களின் மொழியான லத்தீனும் அறியார். ஆம்ஸ்டர்டாமில் துணிக்கடை வேலை கற்று, ஊர் திரும்பிச் சொந்தக் கடை வைத்தார்.

கண்ணாடியில் மிகச் சிறிய வில்லைகள் செய்வதில் அவருக்கு அலாதி ஆசை. அவர் செய்தவற்றில் எஞ்சியுள்ள ஒன்று, பொருளைச் சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது! 1676இல், தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நீந்துவதாக லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அங்கே பலர் நம்பவில்லை. அவர் சளைக்காமல், ஊர்ப் பெரியவர்களை அழைத்துக் காட்டிச் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். 1677இல் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி தாமே பார்த்து உறுதி செய்த பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது.

1683இல் தம் பல்லிடுக்கில் இருந்த ஊத்தையை எடுத்து மழைநீரில் கலந்து பார்த்தார். தினமும் உப்பால் பல் துலக்குபவர்தான் அவர். அப்படியும் உள்ளே ஏராளமான உயிர்கள் துள்ளின! ஹாலந்து நாட்டு மக்கள்தொகையை விட என் வாயில் உள்ளவை அதிகம் என்று எழுதினார்.

அடுத்து என்ன செய்தார் தெரியுமா? காட்டமான வினிகரால் வாயை நன்றாகக் கொப்பளித்தார். பிறகு ஊத்தையை எடுத்துப் பார்த்தார். கணக்கற்றவை உயிரோடு இருந்தன! அதே ஊத்தையை நீரில் கரைத்து ஒரு துளி வினிகர் விட்டார். உடனே எல்லாம் இறந்தன. அப்படியானால், கொப்பளித்தபோது வினிகர் மேலே இருந்தவற்றை மட்டுமே கொன்றிருக்கிறது, உள்ளே இறங்கவில்லை என்று முடிவு செய்தார். எத்தனை அழகான சோதனை, பாருங்கள்!

ஏன் இறங்கவில்லை? அது பிற்காலத்தில்தான் விளங்கியது. பாக்டீரியாக்கள் ஓரிடத்தில் ஒட்டிக் கூட்டமாக வாழும்போது, தம்மைச் சுற்றிப் பசை சுரந்துகொள்கின்றன. இந்தப் படலத்துக்கு ‘பயோஃபிலிம்’ என்று பெயர். மருந்து மேலடுக்கிலேயே பெருமளவு வீரியம் இழந்துவிடும். அடியில் இருப்பவை உணவு குறைந்து சோம்பிக் கிடக்கும். அவை எளிதில் சாவதில்லை. தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடும் முன் வழுவழுப்பைத் தேய்த்துக் கழுவச் சொல்வதும் இதனால்தான். தேய்த்தால் படலம் கலையும். பிறகு மருந்து வேலை செய்யும்.

இன்னொரு முறை அவருடைய முன்பற்களில் ஒரு உயிரையும் காணோம்! தாம் குடிக்கும் சூடான காப்பிதான் காரணமோ என்று யோசித்தார். உடனே கடைவாய்ப் பல்லைச் சோதித்தார். அங்கே அவை சுகமாக இருந்தன!

1723இல் 90 வயதில் காலமாகும் வரை ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். வெள்ளியில் செய்த 26 நுண்ணோக்கிகளையும் அந்தச் சங்கத்துக்கே எழுதி வைத்தார். 19ஆம் நூற்றாண்டில் அவை தொலைந்துபோயின.