காமராஜரும் கட்டணமில்லாக் கல்வியும்

ஆண்டுதோறும் ஜூன் திங்கள் பிறந்தவுடன், நம் கலாசாலையில் பணம் செலுத்தும் சாளரத்தின் முன் நீண்டதொரு வரிசை நிற்பதை நாம் காண்கின்றோம். மகனுடைய கட்டணத்தை மடியில் முடிந்துகொண்டு வந்த தந்தையரும், கழுத்தில் மஞ்சட்கயிறு மட்டும் எஞ்சிய தாய்மாரும் அவ்வரிசையில் உளர். அணிந்திருந்த நகை எங்கே போயிற்று என்று அவர்களை ஒருவரும் கேட்பதில்லை. விருதுநகரிலும் சிவகாசியிலும் அடகுக்கடைகட்குப் பஞ்சமில்லை. இவ்வட்டாரத்திலேயே பிறந்து, இராச்சியம் முழுவதிலும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தின் அச்சாளரத்தை மூடிவிட்ட ஒருவருடைய சரித்திரத்தை ஈண்டுக் கூறப் புகுகின்றோம். அவர் பெயரை அறியாதார் இலர். எனினும் அவர் செய்த காரியத்தின் உட்கருத்தை அறிந்தார் பலர் அல்லர் என்பது நம் எண்ணம்.

காமராஜர் 1903-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள், அக்காலத்து விருதுபட்டியாகிய விருதுநகரில், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாய்த் தோன்றினார். ஆறு வயது நிரம்பும் பருவத்தில் தந்தையார் காலஞ்சென்றார். அம்மையார் காதில் கிடந்த தோடு நீங்கலாக மற்றை நகைகளையெல்லாம் விற்று, அப்பணத்தை உள்ளூர் வணிகர் ஒருவரிடம் ஒப்புவித்து, அதனால் வந்த மாத வட்டியைக் கொண்டு குடும்பத்தை நடத்தினார். வட்டி கட்டி அழிந்த குடும்பங்களையே கண்டு பழகிய நமக்கு, வட்டியினால் ஒரு குடும்பம் உயிர் தரித்த செய்தி வியப்பாய்த் தோன்றலாம். ஆயினும் அவ்வட்டி சோற்றுக்குப் போதுமானதேயன்றி வேறெதற்கும் போதுமானதன்று.

சிறுவர் பயின்ற க்ஷத்திரிய வித்தியாசாலையைப் பற்றி இங்கே சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அது அரசாங்கம் கட்டியதன்று. அவ்வூர் வணிகர் தம் சரக்கின்மீது தாமே விதித்துக்கொண்ட மகிமைப் பணத்தாலும், பிடியரிசியாலும் வளர்ந்தது. பிடியரிசி என்பதை இக்கால மாணவர் அறியார் போலும். உலையிலிடுவதற்கு அரிசி அளக்கும் பெண்மக்கள் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டுவைப்பர். நிறைந்த கலயங்களைத் திரட்டி விற்ற பணம் பள்ளிக்குச் சேரும். படிக்கின்ற பிள்ளை கொடாத கட்டணத்தை ஊர் முழுதும் பிடி பிடியாய்க் கொடுத்தது என்க. எல்லா வகுப்புப் பிள்ளைகளும் அங்கே கட்டணமின்றிப் படித்தனர்.

இத்தகைய பள்ளி வாய்த்தும், சுமார் பன்னிரண்டு வயதில் காமராஜர் படிப்பை நிறுத்தித் தம் தாய்மாமனின் துணிக்கடைக்கு வேலைக்குச் சென்றார். கட்டணம் கேட்டு அவரை ஒருவரும் துரத்தவில்லை. கட்டணம் இல்லாத பள்ளியிலிருந்தும் வறுமை ஒரு பிள்ளையை வெளியே இழுத்துக்கொண்டு போகும் என்பதை அவர் நூல்களில் கற்றாரல்லர், தம்மிடத்திலேயே கண்டார். பிற்காலத்தில் அவர் செய்த செயல்களுக்கெல்லாம் திறவுகோல் இதுவே என்று நாம் கருதுகின்றோம்.

அவருடைய அரசியல் வாழ்வை மாணவர் அறிவராதலின் சுருங்கக் கூறுவோம். 1919-இல் நிகழ்ந்த ஜாலியன்வாலாபாக் கொடுமை அவரைக் காங்கிரஸுக்கு ஈர்த்தது. 1930-இல் வேதாரணியத்து உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு அலிப்பூர்ச் சிறை சென்றார். பின்னும் பலமுறை சிறைப்பட்டார். கடையில் விட்ட படிப்பைச் சிறையில் தொடர்ந்தார். 1937-இல் சாத்தூர்த் தொகுதியிலிருந்து போட்டியின்றிச் சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். 1940-இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானார்.

1953-ஆம் ஆண்டில் இராஜாஜி அவர்களின் அரசாங்கம் ஆரம்பப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றொரு திட்டத்தைக் கொணர்ந்தது. உள்ள இடமும் ஆசிரியருங்கொண்டு மிகுதியான பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கலாம் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். செலவுக் கணக்கின்படி அது நியாயமாகவே தோன்றிற்று. தந்தையின் தொழிலையே மகனுக்கு விதிக்கும் குலக்கல்வி இது என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரல் 13-ஆம் நாள் முதன்மந்திரியான காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். கல்வி இலாகாவைச் சி. சுப்பிரமணியம் நடத்த, கல்வித்துறையின் இயக்குநராய் நெ. து. சுந்தரவடிவேலு அமர்ந்தார். சிற்றூர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன.

பள்ளி திறந்தால் போதுமோ? சேரன்மாதேவியை அடுத்த இரயில்வே கேட்டில் அவருடைய மோட்டார் நின்றபோது, ஆடு மேய்த்த சிறுவன் ஒருவனை ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று அவர் வினவ, போனால் சோறு யார் போடுவார் என்று அவன் திருப்பிக் கேட்டதாக ஒரு செய்தி வழங்குகின்றது. அது நிகழ்ந்தவாறே வழங்குகிறதோ, வழங்கி வழங்கி வளர்ந்ததோ, யாதாயினும் ஆகுக. துணிக்கடைக்குப் போன விருதுநகர்ப் பையனுக்கு அவ்விடையைச் சொல்லித்தர ஆடு மேய்ப்பவன் வேண்டியதில்லை. 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கிற்று. முதலில் ஊராரின் அரிசியும் பருப்புமே அதற்கு முதல். பின்னர் அரசாங்கமும் பங்கேற்றது. பணம் எங்கே என்று கேட்ட அதிகாரிகளுக்கு, இதற்காக வீடுவீடாய்ப் பிச்சை எடுக்கவும் தாம் ஆயத்தம் என்று விடையிறுத்தார். 1958 முதல் சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் நிலமும் கட்டடமும் பலகையும் சீருடையும் வழங்கினர். இவையெல்லாம் க்ஷத்திரிய வித்தியாசாலையின் பிடியரிசிக் கலயத்தை இராச்சிய அளவிற் பெரிதாக்கியவையே அன்றோ!

1960-இல் ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்கு உட்பட்ட பெற்றோரின் மக்களுக்குப் பதினோராம் வகுப்புவரை கட்டணம் நீக்கப்பட்டது. அவர் பதவி விட்டபின் சில ஆண்டுகளுக்குள் அச்சலுகை எல்லோர்க்கும் உரியதாயிற்று.

ஆயினும் குறையையும் மறையாது கூறுதல் சரித்திரம் எழுதுவோர் கடன். அவரைச் சட்டசபைக்கு அனுப்பிய சாத்தூர்ப் பக்கத்திலேயே, ஒரு வேளைச் சோற்றை வென்றுவிடக்கூடிய வேறொன்று இருந்தது; அது கூலி. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் பிள்ளை மாலையில் காசு கொண்டுவரும். பள்ளிக்குப் போகும் பிள்ளை கொண்டுவராது. விடியுமுன் ஊர்தோறும் வந்து பிள்ளைகளை ஏற்றிச்சென்ற தொழிற்சாலைப் பேருந்துகள் 1980-களிலும் ஓடின. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் சிறாரை அமர்த்தலாகாதென்று 1986-இலும் ஒரு மத்திய சட்டம் வந்தது.

மற்றொரு குறை, அவர் திறந்த கதவு பள்ளியிறுதியோடு நின்றது. அதற்கு மேற்பட்ட கலாசாலைப் படிப்பிற்குக் கட்டணமும் விடுதிச் செலவும் முன்போலவே இருந்தன. உபகாரச் சம்பளங்கள் சிலரைத் தாங்கின. மற்றையோர் நிலத்தையும் நகையையும் நாடினர். பள்ளியிறுதி தேறினோர் தொகை பெருகப் பெருக இக்கதவின் முன் நின்றோர் தொகையும் பெருகிற்று. 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில், சொந்த விருதுநகரிலேயே, மாணவர் தலைவராய் விளங்கிய பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்கு வித்தியாசத்தில் காமராஜர் தோற்றார். மொழிப் போராட்டமும் அரிசிப் பஞ்சமும் அதற்குப் பெருங்காரணங்கள். எனினும் அவர் திறந்த பள்ளிகளில் எழுத்தறிந்த தலைமுறை அதற்குமேல் ஒன்றை எதிர்பார்த்து நின்றதும் ஒரு காரணமாகலாம் என நாம் எண்ணுகின்றோம். தோல்வியை அவர் அமைதியாய் ஏற்றார். 1969-இல் நாகர்கோவில் அவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பிற்று.

1975 அக்டோபர் 2-ஆம் நாள் சென்னையில், திருமலைப்பிள்ளை வீதியிலுள்ள வாடகை வீட்டில் அவர் உயிர் நீத்தார். மறு ஆண்டு பாரத ரத்தினம் என்னும் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1966-இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம் 1978-இல் அவர் பெயரைத் தாங்கிற்று. 2001-இல் வங்கிகளின் கல்விக்கடன் திட்டம் வந்தது. பள்ளிப் படிப்பை முடியாத அப்பெரியார் பெயர் பொறித்த பட்டத்தைப் பெறுவோருள், வங்கிக்கு மாதந்தோறும் தவணை கட்டுவோரும் உளர்.