தந்தப்பிடித் துப்பாக்கி

உலக சரித்திரம் கற்பித்த காலத்தில் மாணவர் என்னிடம் கேட்ட கேள்விகளுட் பெரும்பாலானவற்றை மறந்துவிட்டேன். ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. இரண்டாவது உலகப் போரைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. நூல்நிலையத்திலிருந்து எடுத்துவந்த புத்தகம் ஒன்றில் அமெரிக்கத் தளபதி ஜோர்ஜ் பற்றனின் படத்தைக் காட்டினேன். தலையிலே பளபளக்கும் இரும்புத் தொப்பி. காலிலே குதிரைவீரர் அணியும் உயர்ந்த சப்பாத்து. இடையிலே வெண்ணிறப் பிடியுடன் ஒரு பழைய றிவோல்வர். பின்வாங்கில் இருந்த ஒருவன் எழுந்து, யுத்த தாங்கிகளை நூற்றுக்கணக்கில் நடத்திச் சென்றவர் பாட்டன் காலத்துத் துப்பாக்கியை ஏன் கட்டிக்கொண்டு திரிந்தார் என்று வினவினான். வகுப்பு நகைத்தது. ஆடம்பரம் என்று ஒரு சொல்லில் விடை கூறி அப்பாற் சென்றேன். பிற்காலத்தில் அம்மனிதரின் வரலாற்றை ஊன்றிப் படித்தபோதுதான் நான் கூறியது பாதி விடையே என்பதை உணர்ந்தேன்.

பற்றன் 1885ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் கலிபோர்ணியாவிற் பிறந்தார். செல்வக் குடும்பம், போர்வீரர் மரபு. பாட்டனார் உள்நாட்டுப் போரிலே 1864இல் உயிர் நீத்தவர். மூதாதையரின் வீரக் கதைகளைக் கேட்டு வளர்ந்த சிறுவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிப்பதோ பெரும்பாடாயிருந்தது. பதினொரு வயதுவரை அவன் பள்ளிக்கூடம் செல்லவில்லை. 1904இல் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியிற் சேர்ந்தவர் கணிதத்தில் தவறி முதலாம் ஆண்டை மறுபடியும் படித்தார். 1909இலேதான் பட்டம் பெற்று வெளியேறினார். களத்திலே தாம் கோழையாகிவிடுவோமோ என்ற அச்சமும் அவரை நெடுங்காலம் வாட்டியது. ஆகவே அஞ்சாதவன்போலத் தோன்றக் கற்றார். கண்ணாடியின் முன்னே நின்று கடுமுகம் காட்டிப் பழகினார் என்பது அவரது வரலாற்றில் நான் மறவாத செய்திகளுள் ஒன்று.

1912ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து கலைகள் சேர்ந்த நவீன ஐம்போட்டி முதன்முறையாக இடம்பெற்றது. பற்றன் அதில் ஐந்தாவதாக வந்தார். அவருடைய நிலையைத் தாழ்த்தியது துப்பாக்கி சுடுதலே. முன்னைய சன்னம் துளைத்த ஓட்டையினூடாகவே தம்முடைய சன்னம் ஒன்று சென்றதென்று அவர் வாதிட்டார். நடுவர்கள் அதனைத் தவறிய குண்டாகவே கணித்தனர்.

1915இல் அவர் மெக்சிக்கோ எல்லையிலுள்ள ரெக்சாஸ் மாநிலத்துக்கு அனுப்பப்பட்டார். மெக்சிக்கோவிற் புரட்சி நடந்த காலம் அது. எந்நாளும் ஆயுதத்துடன் நடமாட வேண்டிய இடம். அமெரிக்கப் படையோ 1911 முதல் தன்னியக்கக் கைத்துப்பாக்கிக்கு மாறியிருந்தது. முதலாவது குண்டு வெடித்ததும் அதுவே அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும். விசையைத் தொட்டால் மறுபடியும் வெடிக்கும். ஏழு ரவைகளை அடுக்கிய பெட்டியை ஒரு நொடியில் மாற்றலாம். பற்றன் அதன் விசையை இன்னும் இலகுவாக்கி வைத்திருந்தார் என்றும், மதுச்சாலை ஒன்றில் அது இடையில் இருந்தபடியே தானாக வெடித்துவிட்டது என்றும் அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். எவருக்கும் காயமில்லை. ஆயினும் தன்னியக்கத் துப்பாக்கியில் அவர் வைத்த நம்பிக்கை அத்துடன் தளர்ந்தது.

1916 மார்ச்சு மாதத்தில் எல் பாசோ நகரில் அவர் கோல்ற் றிவோல்வர் ஒன்றை வாங்கினார். 1873இல் இராணுவம் ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. நாற்பத்து மூன்று ஆண்டு பழையது. வெள்ளி முலாம் பூசிய உடல், செதுக்குவேலை, தம் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த தந்தப்பிடி. இவையே என் மாணவன் கண்ட ஆடம்பரம். அவன் காணாதது உள்ளே இருந்தது. ஒவ்வொரு முறையும் பெருவிரலாற் பின்புறத்துச் சுத்தியலை இழுத்து நிறுத்தினாலன்றி, விசையை எவ்வளவு அழுத்தினாலும் அத்துப்பாக்கி வெடிக்காது. சுடவேண்டும் என்று மனிதன் இருமுறை முடிவுசெய்ய வேண்டும். குறைகளும் உள. ஆறு ரவைகளையும் பக்கவாயிலினூடாக ஒவ்வொன்றாகவே இடவேண்டும்; வெற்றுக் கூடுகளையும் ஒவ்வொன்றாகவே தள்ளவேண்டும். சுத்தியலின் முனை ரவையின்மேற் படிந்திருப்பதால், கீழே விழுந்தாலும் வெடித்துவிடக் கூடும். எனவே அறிந்தவர்கள் ஓர் அறையை வெறுமையாக விட்டு ஐந்து ரவைகளையே இடுவர். விரைவையும் எண்ணிக்கையையும் கொடுத்து நிதானத்தை வாங்குவதே இத்தேர்வு.

அதே மாதம் பஞ்சோ வில்லாவின் படை எல்லை கடந்து கொலம்பஸ் என்னும் ஊரைத் தாக்க, ஜெனரல் பேர்ஷிங் அவரைத் தேடி மெக்சிக்கோவுட் புகுந்தார். பற்றன் அவருடைய உதவியாளராகச் சென்றார். மே 14ஆம் நாள் படைக்குச் சோளம் வாங்கவென்று மூன்று மோட்டார் வண்டிகளிற் புறப்பட்டவர், வழியிலே வில்லாவின் துணைவர் ஜூலியோ கார்டெனாஸ் தங்கியிருக்கக் கூடிய பண்ணைவீட்டை வளைத்துக்கொண்டார். குதிரையேறி வந்தோர் சுட்டனர். பற்றனும் சுட்டார். ஐந்து ரவைகளும் தீர்ந்தன. தலைக்கு மேலே மண்சுவர் சிதற, மூலையில் ஒதுங்கி ஒவ்வொரு ரவையாக மீண்டும் இட்டார். கார்டெனாஸ் உட்பட மூவர் மாண்டனர். அமெரிக்கப் பத்திரிகைகள் அவரை வீரனாக்கின. தந்தப்பிடியிலே அவர் இரண்டு வெட்டுகளைப் பொறித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அத்துப்பாக்கி வெறும் ஆயுதமாக இருக்கவில்லை என்றே நான் கருதுகிறேன். 1918 செப்ரெம்பர் 26ஆம் நாள் பிரான்சிலே தாங்கிப்படையை நடத்துகையில் தொடையில் குண்டு பாய்ந்தும் களத்தை விட்டகலாது கட்டளையிட்டவருக்கு, வீரத்தை மெய்ப்பிக்க ஒரு துப்பாக்கி தேவையில்லை. ஆயினும் இரண்டாவது உலகப் போரில் அது அவருடைய அடையாளமாயிற்று. 1935இல் வாங்கிய மற்றொரு றிவோல்வருக்கும் தந்தப்பிடியே இட்டார். பிடியை முத்துச்சிப்பி என்று எவரேனும் எழுதினாற் சினந்து திருத்துவார். கண்ணாடியின் முன் பழகிய முகத்துக்கு ஏற்ற அணியாக அது அமைந்துவிட்டது.

1943 ஓகஸ்ற் மாதத்தில், சிசிலிப் போர் முடியுந் தறுவாயில், காயமுற்றோரைப் பார்வையிட மருத்துவ முகாமுக்குச் சென்றார். உடலிற் காயமின்றி உளந்தளர்ந்திருந்த இளம் வீரன் ஒருவனைக் கோழையெனத் திட்டி அறைந்தார். அவனுக்கு மலேரியாக் காய்ச்சல் என்பது பின்னர் தெரியவந்தது. ஒரு வாரத்தில் வேறொரு முகாமில் மற்றொருவனையும் அறைந்தார்; இம்முறை இடையிலிருந்து துப்பாக்கியையும் உருவிச் சுட்டுவிடுவதாக மிரட்டினார். தாம் உள்ளூர அஞ்சிய கோழைமையை அந்த இளைஞர்களின் முகத்திலே கண்டார் போலும். ஐசன்ஹோவர் கடுமையாகக் கண்டித்து, மன்னிப்புக் கேட்குமாறு பணித்தார். பற்றன் கேட்டார். நவம்பரில் செய்தி வெளியாகி நாடே கொதித்தது. ஏறக்குறையப் பதினொரு மாதம் அவருக்குப் போர்முனையிற் படைநடத்தும் பொறுப்புக் கிட்டவில்லை. சிசிலியில் அவருக்குக் கீழே பணிபுரிந்த பிராட்லி, பிரான்சில் அவருக்கு மேலதிகாரியானார். 1944 டிசெம்பரிற் பனியினூடே விரைந்து பாஸ்தோனின் முற்றுகையை உடைத்த பெருஞ்செயலும் அக்கறையை முற்றாகத் துடைக்கவில்லை.

இப்பகுதியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். நான் பிரம்பைக் கையிற் கொண்டு வகுப்புக்குச் சென்ற நாள்களில், மாரிகாலக் காலை ஒன்றில், மேசையிற் தலைசாய்த்திருந்த பையன் ஒருவனைச் சோம்பேறி என்று கடிந்து அடித்தேன். அடுத்த அடிக்காகக் கையைப் பற்றியபோது அது நெருப்பாய்க் கொதித்தது. பிரம்புக்குச் சுத்தியல் இல்லை. இழுத்து நிறுத்தி எண்ணிப் பார்க்க அது எனக்கு ஒரு கணமும் தரவில்லை. அப்படியொரு கணத்தைத் தரும் கருவியைத் தேடித் தெரிந்து இடையிற் கட்டியிருந்த மனிதரோ, அது தந்த பாடத்தைத் தம் கைக்கும் நாவுக்கும் கற்பிக்க மறந்தார்.

போர் முடிந்தபின், 1945 டிசெம்பர் 9ஆம் நாள், பறவை வேட்டைக்குச் செல்லும் வழியில் ஜேர்மனியின் மான்ஹைம் நகரருகே அவரது கார் இராணுவ லொறி ஒன்றுடன் மோதியது. கழுத்தெலும்பு முறிந்து, உடல் செயலிழந்து, 21ஆம் நாள் ஹைடல்பேர்க்கில் உயிர் துறந்தார். லக்சம்பேர்க்கிலே தம் படைவீரர் நடுவில் அடக்கம் செய்யப்பட்டார். தந்தப்பிடித் துப்பாக்கி, பிற்காலத்தில், கென்ரக்கி மாநிலத்து நொக்ஸ் கோட்டையில் அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

என்னைக் கேள்வி கேட்ட மாணவனுக்கு இன்று தலை நரைத்திருக்கும். எங்கேனும் அவனைக் காண நேர்ந்தால், எஞ்சிய பாதி விடையையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.