வைரம் யாருக்குச் சொந்தம்?

இந்த மலரைப் புரட்டுகிற நம்மில் பலர் ஏதோ ஒரு திட்டம், ஏதோ ஒரு டெண்டர், ஏதோ ஒரு பட்ஜெட் என்று காலம் தள்ளுகிறவர்கள். இப்போது வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகளும் நாளைக்கு இந்த வரிசையில்தான் வந்து நிற்கப் போகிறார்கள். கஜானாவில் காசில்லாத ஒரு சின்ன நாட்டை உங்கள் கையில் கொடுத்து, இதை முன்னேற்றிக் காட்டு என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பீர்கள்? அப்படி ஒரு நாடு ஒருவர் கைக்கு நிஜமாகவே வந்தது. அவர் பெயர் செரெட்சே காமா. நாடு, ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இருக்கும் போட்ஸ்வானா.

செரெட்சே 1921 ஜூலை 1-ஆம் தேதி செரோவே என்ற ஊரில் பிறந்தார். அப்போது அந்த நாட்டுக்குப் பெயர் பெச்சுவானாலாந்து. பிரிட்டிஷாரின் பாதுகாப்பில் இருந்த பகுதி. அங்கிருந்த பெரிய இனக்குழுவான பமங்வாட்டோ மக்களுக்கு இவருடைய குடும்பம்தான் பரம்பரை அரச குடும்பம். தாத்தா மூன்றாம் காமா பேரும் புகழும் வாங்கிய அரசர். தகப்பனார் 1925-இல் இறந்துவிட, நாலு வயதுப் பிள்ளைக்குப் பட்டம் வந்து சேர்ந்தது. பையன் வளரும்வரை சித்தப்பா செகெடி காமா பொறுப்பேற்று ஆண்டார். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்து, படிக்கவும் வைத்தார். தென்னாப்பிரிக்காவில் ஃபோர்ட் ஹேர் கல்லூரியில் 1944-இல் பட்டம். பிறகு ஆக்ஸ்ஃபோர்டு. அதன்பின் லண்டனில் பாரிஸ்டர் படிப்பு. ஊருக்குத் திரும்பி அரியணையில் உட்கார வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் திருப்பம். 1947-இல் லண்டனில் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணைச் சந்தித்தார். அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்த பெண். 1948 செப்டம்பரில் பதிவுத் திருமணம் நடந்தது. சித்தப்பா கொதித்துப் போனார். செரோவேயில் ஊர்ச்சபை கூடியது. முதலில் எதிர்ப்புதான் ஓங்கியிருந்தது. ஆனால் 1949 ஜூனில் நடந்த மூன்றாவது கூட்டத்தில் ஜனங்கள் பெருவாரியாக செரெட்சே பக்கம் நின்றார்கள். நீதான் எங்கள் அரசன், உன் மனைவியும் வரட்டும் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

ஊர் ஏற்றுக்கொண்டது, பக்கத்து நாடு ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1948-இல்தான் நிறவெறி ஆட்சி வந்திருந்தது. எல்லைக்கு அந்தப்புறம் ஒரு கறுப்பின அரசர் வெள்ளைக்காரப் பெண்ணோடு குடித்தனம் நடத்துவதை அது பொறுக்குமா? பிரிட்டனுக்கோ தென்னாப்பிரிக்காவின் தங்கமும் யுரேனியமும் தேவை. விசாரணைக் குழு ஒன்றைப் போட்டார்கள். செரெட்சே ஆளத் தகுதியுள்ளவர், தடங்கல் தென்னாப்பிரிக்காவின் எதிர்ப்புதான் என்று அந்த அறிக்கையே சொல்லிவிட, அதை வெளியே விடாமல் பூட்டி வைத்தார்கள். 1950-இல் பேச்சுவார்த்தை என்று லண்டனுக்கு அழைத்து, திரும்பிப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆறு வருஷம் நாடு கடத்தல்! பட்டத்துக்கான உரிமையைத் துறந்த பிறகுதான் 1956-இல் சாதாரணக் குடிமகனாக ஊர் திரும்ப முடிந்தது. மாட்டுப் பண்ணை வைத்தார். அது சரியாகப் போகவில்லை. நீரிழிவு நோய் வேறு வந்து சேர்ந்தது.

வேறொருவர் என்றால் மனம் கசந்து ஒதுங்கியிருப்பார். இவர் ஒரு கட்சியைத் தொடங்கினார். எந்த இனக்குழுவின் பேராலும் இல்லை, நாடு முழுவதற்கும் சேர்த்து. 1965 தேர்தலில் 31 இடங்களில் 28 அந்தக் கட்சிக்கு. 1966 செப்டம்பர் 30-ஆம் தேதி சுதந்திரம் வந்தபோது முதல் ஜனாதிபதி செரெட்சே காமா.

சரி, கைக்கு வந்த நாடு எப்படி இருந்தது? கொஞ்சம் கணக்குப் பாருங்கள். பரப்பு சுமார் 5.8 லட்சம் சதுர கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி கலஹாரிப் பாலை. ஜனத்தொகை ஆறு லட்சம்கூட இல்லை. கடற்கரை கிடையாது. தார் போட்ட சாலை 12 கிலோமீட்டர். பல்கலைக்கழகப் பட்டதாரிகள் 22 பேர். மேல்நிலைப் பள்ளி முடித்தவர்கள் சுமார் 100 பேர். ஏற்றுமதி என்றால் மாடும் மாட்டிறைச்சியும்தான். அந்த மாடுகளும் கடும் பஞ்சத்தில் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. அரசாங்கத்தின் அன்றாடச் செலவுக்கே பிரிட்டன் மானியம் தர வேண்டியிருந்தது. இதெல்லாம் போகட்டும், நாட்டின் தலைநகரமே நாட்டுக்குள் இல்லை! நிர்வாகம் தென்னாப்பிரிக்காவுக்குள் இருந்த மாஃபெகிங் நகரத்திலிருந்து நடந்துகொண்டிருந்தது. சிவில் படித்த நண்பர்களுக்கு ஒரு செய்தி: ரயில் பாதையும் தண்ணீர் வசதியும் பார்த்து, கபரோனே என்ற இடத்தில் இரண்டு மூன்று வருஷத்துக்குள் ஒரு தலைநகரத்தையே எழுப்பினார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். அந்த நாட்டில் மண்ணுக்கடியில் இருப்பதெல்லாம் அந்தந்த இனக்குழுவுக்குச் சொந்தம். பமங்வாட்டோ மக்கள் 1959-லேயே ஒரு சுரங்கக் கம்பெனியோடு தாங்களாகவே ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். செரெட்சேயின் கட்சியோ, கனிம உரிமை நாட்டுக்கே பொதுவாக வேண்டும் என்று 1965 தேர்தலிலேயே வாக்குக் கொடுத்தது. 1967-இல் அதைச் சட்டமாக்கினார்கள். அதே 1967-இல், பன்னிரண்டு வருஷத் தேடலுக்குப் பிறகு, ஒராபா என்ற இடத்தில் டி பியர்ஸ் கம்பெனிக்காரர்கள் வைரம் கண்டார்கள். ஒராபா யாருடைய நிலம் தெரியுமா? செரெட்சேயின் சொந்த இனக்குழுவான பமங்வாட்டோ மக்களுடையது!

இதன் அருமை சட்டென்று புரியாது. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தாலே போதும், அவருடைய மக்கள் பெரும் பணக்காரர்கள் ஆகியிருப்பார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்திருப்பார்கள். அப்புறம் பொறாமை, பிரிவினை, துப்பாக்கி. கனிமம் கிடைத்ததாலேயே சீரழிந்த நாடுகள் அந்தக் கண்டத்தில் ஒன்றிரண்டு இல்லை. போட்ஸ்வானாவில் அது நடக்கவில்லை. பங்கு போட வேண்டிய பொருள் பெரிதாகத் தெரிவதற்கு முன்பே பங்கு விதி முடிவாகிவிட்டது. கையெழுத்துப் போட்டவரும் தன் வீட்டுச் சொத்தையே முதலில் எடுத்து வைத்தவர். அதனால்தான் மற்றவர்கள் நம்பினார்கள்.

அடுத்தது பேரம். ஒராபா சுரங்கம் 1971-இல் ஓட ஆரம்பித்தது. தொடக்கத்தில் அரசாங்கத்தின் பங்கு 15 சதவீதம்தான். கையில் பணமும் இல்லை, தொழில் தெரிந்த ஆளும் இல்லை. வேறென்ன செய்ய முடியும்? ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. கெட்டிக்கார வக்கீல்களையும் நிபுணர்களையும் கூட வைத்துக்கொண்டு திரும்பப் பேசினார்கள். 1975-இல் பங்கு 50 சதவீதம் ஆனது. கம்பெனியை விரட்டவும் இல்லை, அதன் காலில் விழவும் இல்லை. இதே பொறுமையோடுதான் 1969-இல் தென்னாப்பிரிக்காவோடு இருந்த சுங்க ஒப்பந்தத்தையும் திருத்தி எழுதி வருமானத்தைக் கூட்டிக்கொண்டார்கள். 1970-களின் தொடக்கத்திலேயே பிரிட்டிஷ் மானியம் தேவையில்லாமல் போயிற்று.

சுதந்திரம் வந்ததும் இன்னொரு குரல் எழுந்தது: வெளிநாட்டு அதிகாரிகளை அனுப்பிவிட்டு நம்ம ஆட்களை உட்கார வையுங்கள். நியாயமான ஆசைதான். ஆனால் 22 பட்டதாரிகளை வைத்து எத்தனை நாற்காலியை நிரப்புவது? செரெட்சே அவசரப்படவில்லை. தகுதியான ஆள் தயாராகும்வரை பழைய ஆள் இருக்கட்டும் என்றார். அதே நேரம் பள்ளிகளைப் பெருக்கினார். திட்டமும் நிதியும் கெட்டுமிலே மசீரே என்ற திறமைசாலியின் பொறுப்பு. பள்ளி, மருத்துவமனை, குடிநீர், சாலை என்று நிற்கிற விஷயங்களில்தான் பணம் போனது. நாட்டா நகரிலிருந்து ஜாம்பிய எல்லையில் உள்ள கசுங்குலா வரை சாலை போட்டு, வெள்ளையர் ஆட்சி நாடுகளைச் சாராத ஒரு வழியையும் திறந்தார்கள். 1977 வரை அந்த நாட்டில் ராணுவமே கிடையாது! ரொடீஷியாவிலிருந்து எல்லை தாண்டி வந்து தாக்கத் தொடங்கிய பிறகுதான் வேறு வழியில்லாமல் அமைத்தார்கள். 1976-இல் சொந்த நாணயம் வந்தது. அதற்கு வைத்த பெயர் புலா. அவர்கள் மொழியில் மழை என்று பொருள். மழைக்கு ஏங்குகிற ஊரில் பணத்துக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்குமா!

1980 ஜூலை 13-ஆம் தேதி, 59-ஆவது வயதில், கணையப் புற்றுநோயால் செரெட்சே காலமானார். உலகத்தின் மிகப் பெரிய வைரச் சுரங்கங்களில் ஒன்றான ஜ்வானெங் 1982-இல் திறந்ததை அவர் பார்க்கவில்லை. ஆனால் அவர் போட்ட பாதையில் நாடு ஓடியது. சுதந்திரத்துக்குப் பிந்தைய முப்பது வருஷங்களில் உலகிலேயே மிக வேகமாக வளர்ந்த நாடுகளில் அதுவும் ஒன்று. மிகவும் பின்தங்கிய நாடுகள் என்ற ஐ.நா. பட்டியலிலிருந்து 1994-இல் வெளியே வந்தது. அப்படி வந்த முதல் நாடு அதுதான்.

எல்லாம் சுபம் என்று முடித்துவிட முடியாது. ஏழை பணக்காரன் இடைவெளி அங்கே மிக அதிகம். இளைஞர்களுக்கு வேலை போதவில்லை. வைரத்தை விட்டால் வேறு பெரிய தொழில் வளரவில்லை. ஆய்வகத்தில் செய்கிற வைரம் சந்தையில் புகுந்து, விலையும் விற்பனையும் சரிந்ததில் 2024-இல் பொருளாதாரமே சுருங்கியது. அந்த வருஷ அக்டோபர் தேர்தலில், செரெட்சே தொடங்கிய கட்சி 58 வருஷ ஆட்சியை இழந்தது. ஆனால் ஒரு கல்கூட எறியப்படாமல் அதிகாரம் கைமாறியது. தோற்றவர் தோல்வியை ஏற்று விலகினார். பட்டத்தைத் துறந்து வந்த மனிதர் தொடங்கிய கட்சிக்கு அது பொருத்தமான மரியாதைதான்.

கல்லூரி மலர் என்பதால் கடைசியாக ஒன்று. அண்டை நாடுகளோடு கூட்டாக நடத்திய பல்கலைக்கழகத்திலிருந்து 1975-இல் லெசோத்தோ பிரிந்துபோயிற்று. போட்ஸ்வானாவுக்குச் சொந்த வளாகம் தேவைப்பட்டது. செரெட்சே 1976-இல் மக்களிடமே கேட்டார்: ஆளுக்கு ஒரு மாடு. மாடு வைத்திருந்தவர்கள் மாடு கொடுத்தார்கள். இல்லாதவர்கள் தானியம், முட்டை, சில்லறைக் காசு என்று முடிந்ததைக் கொண்டுவந்தார்கள். தன் பிள்ளை அங்கே படிப்பானா என்று தெரியாதவர்களும் கொடுத்தார்கள். வைர வருமானம் வரத் தொடங்கிவிட்ட நாட்டில், பல்கலைக்கழகம் எங்களுடையது என்று ஜனங்கள் சொல்லிக்கொள்ள அந்த மாடுகள்தான் காரணம்.

நம் சங்கத்தில் கட்டட நிதிக்கு ரசீதுப் புத்தகம் நீட்டும்போது, யாரும் மாடு கேட்கப் போவதில்லை, பயப்படாதீர்கள்!