விண்மீனில் விந்தை கண்ட மங்கை

இரவு வானில் மின்னும் விண்மீன்கள் நம் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றுகின்றன. ஆனால் அவற்றின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தினால், வண்ணப் பட்டையின் குறுக்கே கரிய கோடுகள் தெரியும். விண்மீனில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்பதை அக்கோடுகளே அறிவிக்கும். அவற்றைப் பொறுமையோடு படித்தறிந்தவர் அந்தோனியா மோரி அம்மையார்.

இவர் 1866ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் சமய போதகர். தாய்மாமன் ஹென்றி டிரேப்பர், விண்மீன் ஒளியின் நிறமாலையை முதன்முதலாகப் படம் பிடித்தவர். வாசர் பெண்கள் கல்லூரியில் மரியா மிட்செல் அம்மையாரிடம் வானியல் கற்று, 1887இல் பட்டம் பெற்ற மோரி, அடுத்த ஆண்டே ஹார்வர்டு வானாய்வகத்தில் சேர்ந்தார்.

அங்கே கண்ணாடித் தகடுகளில் பதிந்த கோடுகளைப் பெண்களே ஆராய்ந்தனர். ஊதியமோ மணிக்கு ஏறத்தாழ 25 சென்ட். பணி விரைவாக முடியவேண்டும் என்பது இயக்குநர் பிக்கரிங்கின் விருப்பம். மோரியோ ஒவ்வொரு கோட்டின் அகலத்தையும் கூர்மையையும் குறிக்காமல் விடமாட்டார். இதனால் மனத்தாங்கல் வளர்ந்தது. அவர் வேலையை விட்டு விலகினார். எனினும், தம் உழைப்பு தம் பெயரிலேயே வெளிவரவேண்டும் என்பதில் உறுதியாய் நின்றார். 1897இல் 681 விண்மீன்களைப் பற்றிய அவரது நூல் அவர் பெயர் தாங்கி வெளிவந்தது.

அந்நூலில், வேட்டை நாய்கள் என்னும் விண்மீன் கூட்டத்திலுள்ள கார் கரோலி என்ற விண்மீன் மற்றவற்றைப் போன்றதன்று, விந்தையானது என்று அவர் குறித்தார். அதில் கால்சியக் கோடு மிகவும் மங்கியிருந்தது. சிலிக்கானுக்கு உரியவை என்று பின்னாளில் அறியப்பட்ட இரு கோடுகள் தெளிவாயிருந்தன. காரணம் அன்று எவருக்கும் தெரியவில்லை.

கோட்டின் கூர்மையைக் குறித்த அவரது முறையையும் பலர் ஒதுக்கினர். ஆனால் 1905இல் டென்மார்க்கு அறிஞர் ஹெர்ட்ஸ்பிரங், மெல்லிய கூரிய கோடுகளையுடையவை பேரொளி வீசும் விண்மீன்கள் என்று அதைக்கொண்டே கண்டறிந்தார். மோரிக்கு 1943இல் ஆனி கேனன் பரிசு கிடைத்தது.

1946இல் பாப்காக் என்ற அறிஞர், இத்தகைய விந்தை விண்மீன் ஒன்றில் வலிய காந்தப் புலம் இருப்பதைக் கண்டார். நம் பூமியின் காந்தப் புலம் அரை காஸ் அளவே. அங்கோ ஆயிரம் காஸுக்கும் மேல்! அவ்விண்மீன்களின் காந்த அச்சு, சுழலும் அச்சுக்குச் சாய்வாக உள்ளது. எனவே விண்மீன் சுழலச் சுழல, காந்தத்தின் வெவ்வேறு பக்கங்கள் நம்மை நோக்குகின்றன, கோடுகளும் மாறுகின்றன. கார் கரோலி ஒருமுறை சுழல ஏறத்தாழ ஐந்தரை நாளாகும். அம்மாற்றங்களை நாள்தோறும் அளந்து, அதன் காந்தப் புலத்தையும் தனிமங்கள் பரவியுள்ள விதத்தையும் இன்று கணினியில் வரைபடமாக்கியுள்ளனர்.

1952ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் மோரி அம்மையார் மறைந்தார். அவர் சூட்டிய விந்தை என்னும் அடைமொழியாலேயே அவ்வகை விண்மீன்கள் இன்றும் குறிக்கப்படுகின்றன.

அன்புத் தோழியரே! பிறர் வேண்டாத நுணுக்கம் என்று எண்ணியதை அவர் அழித்துவிடவில்லை. கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்தார். இறைவன் நமக்களித்த கண்களையும் அறிவையும் நாமும் அவ்வாறே உண்மைக்குப் பயன்படுத்துவோமாக!