அல்ஸைமர்: நோய்க்குப் பெயர் தந்தவர் யார்?

'அல்ஸைமர்' என்றதும் உங்களுக்கு மறதிதான் ஞாபகம் வரும். ஆனா, அது ஒரு மருத்துவரோட பெயர் என்பது தெரியுமா?

அலோயிஸ் அல்ஸைமர் 1864ஆம் ஆண்டு ஜெர்மனியின் மார்க்ட்பிரைட் நகரில் பிறந்தார். 1888இல் ஃபிராங்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். மூளைத் திசுவுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதில் அவருக்குத் தனி ஆர்வம். அதில் துணையாக இருந்தவர், சக மருத்துவரும் நண்பருமான ஃபிரான்ஸ் நிஸ்ல்.

1901இல் அவரது மனைவி இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் ஆகுஸ்ட டீட்டர் என்ற பெண் மருத்துவமனைக்கு வந்தார். வயது 51தான். தம் பெயரைக்கூட முழுசா எழுத முடியவில்லை. அவரது நிலையை அல்ஸைமர் விரிவாகக் குறித்துவைத்தார்.

பிறகு அல்ஸைமர் மியூனிக் சென்றுவிட்டார். ஆனா, அந்த நோயாளியை மறக்கவில்லை. 1906இல் ஆகுஸ்ட இறந்ததும் அவரது மூளையை வரவழைத்து ஆராய்ந்தார்.

என்ன கண்டார்?

- மூளை சுருங்கியிருந்தது
- பல நரம்பணுக்கள் அழிந்திருந்தன
- சில அணுக்களுக்குள் நார்கள் முறுக்கிக் கிடந்தன
- அணுக்களுக்கு வெளியே படிவுகள் இருந்தன

அந்த ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி டியூபிங்கன் நகரில் இதை விளக்கினார். கூட்டத்தில் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை!

1910இல் பேராசிரியர் எமில் கிரெப்லின் தமது பாடநூலில் நோய்க்கு அல்ஸைமரின் பெயரைச் சூட்டினார். 1915இல் அல்ஸைமர் காலமானார். அவருக்கும் வயது 51.

சரி, நரம்பணுக்கள் அழிவதைத் தடுக்க முடியுமா?

உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை மூளையே பயன்படுத்துகிறது. அப்போது உருவாகும் சில மூலக்கூறுகள் அணுக்களைச் சேதப்படுத்தலாம். அவற்றைக் கட்டுப்படுத்துபவைதான் ஆன்டிஆக்சிடன்ட். வைட்டமின் ஈ அவற்றில் ஒன்று.

613 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட அமெரிக்க ஆய்வின் முடிவு 2014இல் வெளியானது. அதிக அளவு வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் சற்று மெதுவாகக் குறைந்தது. நினைவாற்றல் மேம்படவில்லை. லேசான மறதி உள்ளவர்களுக்கு நோய் வராமல் அது தடுக்கவில்லை என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது.

அதனால வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்களாகவே மாத்திரை வாங்கிக் கொடுக்காதீங்க. அளவு கூடினால் ரத்தக்கசிவு ஏற்படலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.