பசித்தவனும் சட்டமும்

இரண்டாம் கலீஃபா ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களைச் சட்டத்தில் கண்டிப்பு மிக்கவர்களாகவே நாம் அறிந்திருக்கின்றோம். மக்காவில் குறைஷிக் குலத்தில் பிறந்த அன்னார், கி.பி. 634 முதல் 644-இல் ஷஹீதாகும் வரை ஆட்சி புரிந்தார்கள்.

ஹிஜ்ரி 18-இல் அரபு மண்ணில் மழை பொய்த்துக் கொடும் பஞ்சம் சூழ்ந்தது. பசித்தோர் மதீனாவில் வந்து குவிந்தனர். கலீஃபா அவர்கள் ஷாம் நாட்டிலிருந்து தானியம் வரவழைத்தார்கள். பஞ்சம் தீரும்வரை நெய்யைத் தொடவில்லை. ஜகாத் வசூலைத் தள்ளி வைத்தார்கள். திருட்டுக்குரிய கைவெட்டுத் தண்டனையையும் நிறுத்தி வைத்தார்கள்.

முவத்தாவில் பதிவான வழக்கொன்றையும் நாம் நினைவுகூர்வோம். ஹாதிப் (ரலி) அவர்களின் அடிமைகள், முஸைனா குலத்தார் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டனர். கையை வெட்ட ஆணையிட்ட கலீஃபா அவர்கள், எஜமானர் அவர்களைப் பட்டினியிட்டிருப்பதாகக் கண்டு ஆணையை மாற்றினார்கள். 400 திர்ஹம் பெறுமான ஒட்டகத்திற்கு 800 திர்ஹம் கொடுக்குமாறு எஜமானருக்கே விதித்தார்கள்.

திருட்டு நியாயமாகிவிடவில்லை, பொருளை இழந்தவரும் கைவிடப்படவில்லை. குற்றத்தின் வேர் எங்குள்ளதோ, அங்கே தீர்ப்பு சென்றது.

பைத்துல்மாலையும் பஞ்சாயத்தையும் ஒருசேர நடத்தும் ஜமாஅத்தாராகிய நாம், தீர்ப்புரைக்குமுன் பசித்தவர் யாரென்று கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். வல்ல அல்லாஹ் அதற்கு அருள் புரிவானாக! ஆமீன்.